அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்காக எழுதப்பட்டது இது. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்று யோசிப்பவர்களுக்கும் பொருந்தும்.

எந்த வகுப்பில் இந்த முடிவை எடுக்க வேண்டும்?

பள்ளி மாற மூன்று இடங்கள் உண்டு: 6, 9, 11. இந்த மூன்றில் ஆறாம் வகுப்புதான் கனமானது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் அதிகம் யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். "இப்போதைக்கு இங்கே படிக்கட்டும், பத்தாவதில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முக்கியமான சலுகைகள் எல்லாம் "6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு வருகின்றன. ஆறாம் வகுப்பை மட்டும் தனியாரில் படித்துவிட்டு ஏழாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு வந்தாலும், அந்த ஓராண்டு குறுக்கே நிற்கும்.

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் பள்ளி மாற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் திட்டமாக வைக்காதீர்கள். வேலை மாற்றம், குடும்ப இடர் போன்ற தவிர்க்க முடியாத நேரத்துக்கு மட்டுமே அது.

அரசு, தனியார் என்று இரண்டே வகைதானா?

இல்லை. நடுவில் இருக்கும் அரசு உதவி பெறும் பள்ளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கே நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. நூறு ஆண்டு தாண்டிய பல மிஷன் பள்ளிகளும் அறக்கட்டளைப் பள்ளிகளும் இந்த வகைதான். புத்தகம், பிளஸ் ஒன்னில் சைக்கிள், பேருந்துப் பயண அட்டை எல்லாம் இங்கேயும் கிடைக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே நடக்கும். ஆங்கில வழி வகுப்புகள் பல இடங்களில் சுயநிதிதான். "எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள், எய்டட் செக்‌ஷனா?" என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

அரசுப் பள்ளி என்பதில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் அடங்கும். தனியாரில் மெட்ரிக், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ. நடுநிலைப் பள்ளி எட்டோடும், உயர்நிலைப் பள்ளி பத்தோடும் நின்றுவிடும். மேல்நிலைப் பள்ளியில்தான் பிளஸ் டூ இருக்கும். இடையில் இன்னொரு பள்ளி தேடும் அலைச்சல் வேண்டாம் என்றால் ஆறிலேயே மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள்.

மெட்ரிக் பள்ளியில் பாடம் வேறு, தரம் கூட என்கிறார்களே?

பாடம் ஒன்றுதான். 2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் 2011இல் எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தபிறகு, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு, ஒரே வினாத்தாள். 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய பாடநூல்களும் இருவருக்கும் பொது. மெட்ரிக்கில் நீங்கள் பணம் கொடுப்பது ஆங்கில வழிக்கும், கண்காணிப்புக்கும், வசதிக்கும்தான். அது தேவையா என்பது வேறு கேள்வி. பாடத்துக்காகக் கொடுக்கிறோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சிபிஎஸ்இ உண்மையிலேயே வேறு பாடத்திட்டம்.

7.5 சதவீத இடஒதுக்கீடு என்றால் என்ன? என் பிள்ளைக்குக் கிடைக்குமா?

2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய இளநிலைப் படிப்புகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. 2021இல் இன்னொரு சட்டம் இதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தது. இந்த இடத்தில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

மருத்துவத்துக்கு நீட் தகுதி பெற்றே ஆக வேண்டும். ஆனால் இந்தப் பிரிவுக்குள் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும்தான் என்பதால் கட்-ஆஃப் பொதுக் கலந்தாய்வை விடக் கணிசமாகக் குறைவாக இருக்கும். டாக்டர் கனவோடு ஆறாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியாரில் சேர்க்கும் குடும்பம், அந்தக் கனவுக்கு இருந்த அகலமான கதவைத் தன் கையாலேயே சாத்திவிடுகிறது. இதைச் சேர்க்கை நாளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் 7.5 உண்டா?

கிடையாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அதே நிபந்தனையா?

ஏறக்குறைய அதேதான், ஆனால் கொஞ்சம் தாராளமானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. அரசுப் பள்ளியில் என்றால் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் தடையில்லை.

தமிழ் வழியில் சேர்த்தால் பின்னால் கஷ்டப்படுவானே?

ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத்தில் கற்பது வேறு. வீட்டில் பேசாத மொழியில் அறிவியல் படிக்கும் பிள்ளை, புரியாததை மனப்பாடம் செய்து எட்டாவது வரை ஒப்பேற்றிவிடும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் கணக்கில்தான் அது வெளியே தெரியும். உங்கள் பிள்ளை ஆங்கில வழியில் தடுமாறுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் பயமில்லை.

வேலைவாய்ப்புப் பக்கம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்த பிள்ளையை, அதே அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் ஆறாம் வகுப்பில் சேர்த்தாலே இந்த முன்னுரிமை போய்விடும். தெரிந்து மாற்றுங்கள், தெரியாமல் மாற்றாதீர்கள். தமிழ் வழியிலேயே தொடர்ந்தால், ஒவ்வொரு பள்ளியை விட்டு வரும்போதும் தமிழ் வழிச் சான்றிதழை அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து ஆண்டு கழித்து, மூடப்பட்டுவிட்ட பள்ளியில் போய்க் கேட்க முடியாது.

ஆர்டிஇ மூலம் தனியாரில் இலவசமாகப் படிக்கிறான். எட்டாவதுக்குப் பிறகு?

கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத இலவச ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். பல பெற்றோருக்கு இது ஏப்ரல் மாதத்தில்தான் தெரிய வருகிறது. ஏழாம் வகுப்பிலேயே கணக்குப் போடுங்கள்.

இவர்களுக்கு ஒரு நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆர்டிஇ ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு பொருந்தும். புதுமைப் பெண்ணும் அப்படியே. ஆகவே ஆர்டிஇ பிள்ளை ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருவது இறக்கம் அல்ல. ஆர்டிஇயில் சேர்ந்த ஆணை, ஆண்டுதோறும் படித்ததற்கான சான்று இரண்டையும் டி.சி. வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

தனியார் பள்ளிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

முதலாண்டுக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பெரிய பிழை. ஏழு ஆண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஓர் உதாரணம்: ஆறாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய், ஆண்டுக்குப் பத்து சதவீதம் கூடுகிறது என்று வையுங்கள். பிளஸ் டூவில் அது 88,500ஐத் தாண்டும், ஏழாண்டுக்கு மொத்தம் 4.74 லட்சம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. பிளஸ் ஒன்னில் பல பள்ளிகளில் கட்டணம் ஒரே தாவாகத் தாவும் என்பதால் இதுவே குறைந்த மதிப்பீடுதான்.

"எல்லாம் சேர்த்து" என்பதில் எவை வரும்? கல்விக் கட்டணம், வேன், புத்தகம், நோட்டு, இரண்டு மூன்று வகைச் சீருடை, ஷூ, ஆண்டு விழா, சுற்றுலா, ஸ்மார்ட் கிளாஸ். கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று: மாலை டியூஷன். தனியார் பள்ளிக்கும் கட்டி டியூஷனுக்கும் கட்டும் வீடுகள் நிறைய. அப்படியானால் பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தில் எதை வாங்குகிறோம் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தைப் பள்ளி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. "கமிட்டி ஃபீஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அலுவலகத்தில் தொனி மாறும். எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் புகார் நிற்காது.

பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டியிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

எண்ணிக்கை பொய்யாக இருக்காது. எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதே பிள்ளைகளில் எத்தனை பேர் மறு ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள். 118 பேர் இருந்து 96 பேர் எழுதியிருந்தால், அந்த 22 பிள்ளைகள் எங்கே போனார்கள்? ஒன்பதில் நிறுத்தப்பட்டிருக்கலாம், "உங்கள் பிள்ளைக்கு வேறு பள்ளி பாருங்கள்" என்று டி.சி. கையில் கொடுக்கப்பட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது பக்கத்து அரசுப் பள்ளி. அங்கே தேர்ச்சி விழுக்காடு 88 என்றால் அது தோல்வி என்று பேசப்படுகிறது. இந்த ஒப்பீட்டில் நியாயமே இல்லை.

சராசரிப் பிள்ளையின் பெற்றோருக்கு முதல் மதிப்பெண் எடுத்தவரின் படம் எதையும் சொல்லாது. 300க்கும் 400க்கும் நடுவில் எத்தனை பேர், கடைசிப் பத்துப் பேருக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த தலைமையாசிரியர் அரசிலும் உண்டு, தனியாரிலும் உண்டு. அந்தப் பள்ளியை விடாதீர்கள்.

பள்ளியை நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சேர்க்கை விழா நாளில் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் சாதாரண வேலை நாள் ஒன்றில் போங்கள்.

முதலில் கழிப்பறை. அதுவும் மாணவிகள் கழிப்பறையை அம்மா உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்: தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வீடு வரும் பெண் பிள்ளைகள் எல்லா வகைப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

அடுத்தது நோட்டு. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது தெருவில் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் வாங்கிப் பாருங்கள். தேதி ஒழுங்காக இருக்கிறதா, ஆசிரியர் திருத்தியது தவறைச் சுட்டிக்காட்டியா, பக்கத்துக்கு ஒரு டிக் மட்டுமா? மாதக்கணக்கில் தேதி விடுபட்டிருந்தால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத காலம் அது.

அரசுப் பள்ளியில் கட்டாயம் கேட்க வேண்டியது காலிப் பணியிடம். கணக்கு, அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களும், பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் முதுகலை ஆசிரியர்களும் இருக்கிறார்களா? அரசு ஆசிரியர் தேர்வு எழுதி வந்தவர், பாடம் தெரிந்தவர். ஆனால் மாறுதலில் அவர் போய் அந்த இடம் ஓராண்டு காலியாகக் கிடந்தால் அந்த ஆண்டு மாணவர்களின் அடித்தளம் ஆட்டம் காணும். தனியாரில் இதே கேள்வி வேறு வடிவில்: இந்தப் பாடத்துக்குப் போன மூன்று ஆண்டில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள்? சம்பளம் குறைவு என்பதால் நடுவில் விட்டுப் போவது அங்கே சகஜம்.

ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டில் தூசி படிந்திருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. கால அட்டவணையில் விளையாட்டு, நூலகப் பாடவேளை இருக்கிறதா, இருந்தாலும் நடக்கிறதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

தனியார் என்றால் அங்கீகார ஆணையின் காலம் முடியாமல் இருக்கிறதா என்றும், கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்ற நான்கு சான்றுகளும் நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த மாநிலம் இது. இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. சிபிஎஸ்இ என்று பலகை வைத்திருந்தால் இணைப்பு எண்ணைக் கேளுங்கள், அந்த இணைப்பு பத்தாம் வகுப்பு வரை உள்ளதா என்றும் பாருங்கள். "சிபிஎஸ்இ பேட்டர்ன்" என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது.

பிளஸ் ஒன்னில் மாற்றினால்?

குரூப்பைப் பொறுத்தது. வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் உயிரியல்-கணக்கு இருந்து கணினி அறிவியல் இல்லாமல் போகலாம், வணிகவியல் ஒரு வழியில் மட்டும் இருக்கலாம். மாநிலப் பாடத்தில் தமிழ் அல்லது வேறொரு மொழி, ஆங்கிலம், நான்கு பாடம் என ஆறு. ஆகவே உயிரியலும் கணக்கும் சேர்ந்தே படிக்கலாம், மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் வழி திறந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணம், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான். அந்தத் தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய பழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இனி பெற்றோர்தான். நீட், ஜேஇஇ வினாக்களில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருவது. "பிளஸ் ஒன் போர்ஷனை எந்த மாதம் முடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். டிசம்பருக்கு முன்பே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்துவிட்டால் பிளஸ் ஒன் பாடம் எங்கோ விழுங்கப்படுகிறது.

சிபிஎஸ்இயிலிருந்து ஒன்பதில் மாநிலப் பாடத்துக்கு வரலாமா?

வரலாம். கணக்கிலும் அறிவியலிலும் பெரிய சிரமம் இருக்காது. தடுக்கி விழுவது தமிழில். பத்தாம் வகுப்பு மாநிலப் பொதுத்தேர்வில் தமிழ் கட்டாயம். இந்தியோ பிரெஞ்சோ எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்தை மறந்த பிள்ளை, செய்யுளையும் இலக்கணத்தையும் இரண்டே ஆண்டில் பிடிக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையிலேயே தமிழைத் தொடங்குங்கள்.

மகனைத் தனியாரிலும் மகளை அரசுப் பள்ளியிலும் சேர்க்கலாமா? இருவருக்கும் கட்ட முடியவில்லை.

இப்படிப் பிரிக்காதீர்கள். காரணம் பணம் என்று உங்களுக்குத் தெரியும், பதினொரு வயது மகளுக்குத் தெரிவது வேறு. இருவருக்கும் கட்ட முடியாதபோது இருவரையும் நல்ல அரசுப் பள்ளியில் சேர்த்து, மிச்சமாகும் பணத்தில் தேவையான பாடத்துக்கு உதவி வைத்து, மீதியைக் கல்லூரிக்கு ஒதுக்குங்கள். வயிற்றைக் கட்டிப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டுக் கல்லூரி வாசலில் கை விரிக்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

அரசுப் பள்ளியில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன வாய்ப்பு?

நிறைய இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் (தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகை) தேர்வு: பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமே இது. மாவட்டந்தோறும் உள்ள அரசு மாதிரிப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை தங்கிப் படிக்கலாம், போட்டித் தேர்வுப் பயிற்சியும் அங்கேயே. எட்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் இந்த இரண்டையும் பற்றிப் பேசிவிடுங்கள். விண்ணப்பத் தேதி கடந்தபின் வருந்திப் பயனில்லை.

டி.சி. தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கேட்டதும் டி.சி. தர வேண்டும், அது தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளையின் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். பல இடங்களில் காகிதம் கைக்கு வந்தும் எமிஸில் பெயர் பழைய பள்ளியிலேயே கிடக்கும். அது மாறாவிட்டால் புதிய பள்ளியில் புத்தகம், சைக்கிள், உதவித்தொகை எதற்கும் பெயர் ஏறாது. டி.சி. வாங்கும்போதே "எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டு, புதிய பள்ளியில் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இழுத்தடித்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பிறகு மாவட்டக் கல்வி அலுவலரிடம், தனியார் பள்ளிகளுக்கென்று தனி அலுவலர் இருக்கிறார், அந்த நகலோடு போங்கள். கல்வித்துறை உதவி எண் 14417.

சேர்த்த பிறகு தவறு என்று தெரிந்தால்?

முதல் இரண்டு மாதம் அழுகை இயல்பு, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். காலாண்டுத் தேர்வுத் தாள்களைப் பாருங்கள். மதிப்பெண்ணைவிட எந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, பள்ளியில் ஒரு நண்பரின் பெயரையாவது சொல்கிறதா? இவற்றில் குறை இருந்தால் அரையாண்டு விடுமுறையில் ஆசிரியரிடம் பேசுங்கள். அடி, அவமானம், பாலியல் தொல்லை என்று ஏதாவது தெரியவந்தால் எந்தத் தேர்வுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அன்றே 1098ஐ அழையுங்கள், மறுநாள் அந்த வாசலுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.